மீட்பு விமானங்களை மாற்ற ஏன் இத்தனை ஆண்டுகள்? வாசகர் கேள்வி பதில்

கடலோரக் காவல் படையின் பழைய விமானங்களுக்கு மாற்று வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு மும்பைத் தமிழ் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மீன்பிடிக் குடும்பத்தினர், எண்ணெய் மேடையில் பணியாற்றுவோர், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே பொருளைச் சுற்றியிருப்பதால் இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

முலுண்டிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, விமானம் பழையதாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் மாற்று வாங்கப் பத்தாண்டுகள் ஆகின்றன. பெஸ்ட் நிறுவனம் பழைய பேருந்தைக் கழித்துவிட்டுப் புதியதை ஓட்டுவதுபோல் இதையும் செய்துவிட முடியாதா?

பேருந்து என்றால் கடையில் இருப்பதை வாங்கிக்கொள்ளலாம். மீட்பு விமானம் அப்படிக் கடையில் கிடைப்பதில்லை. சரக்கு விமானமாகவோ பயணிகள் விமானமாகவோ பிறந்த ஒன்றில் கடலைத் துழாவும் ரேடார், இருளில் உடல் வெப்பத்தைக் காட்டும் கேமரா, கப்பல்களின் அடையாளக் குறிப்பை வாங்கும் கருவி, மிதவைப் படகை வீசுவதற்கான கதவு ஆகியவற்றைப் பொருத்தி, பொருத்திய பின்னும் அது பத்திரமாகப் பறக்கிறதா என்று மீண்டும் சான்று பெறவேண்டும்.

நம் நாட்டில் இதற்கான பாதை நீண்டது. படையினர் தங்கள் தேவையை எழுத்தில் வகுப்பார்கள். நிறுவனங்களிடம் விவரம் கேட்கப்படும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் 'தேவைதான்' என்று ஏற்கும். அதன் பிறகே டெண்டர், தொழில்நுட்ப ஆய்வு, பறக்கவிட்டுச் சோதனை, விலைப் பேச்சு, பெரிய தொகையாக இருந்தால் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல், கடைசியில் கையெழுத்து. விமானப் படையின் 56 பழைய ஆவ்ரோ விமானங்களுக்கு மாற்று வாங்கிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் அதை ஏற்றது 2012இல். டெண்டர் வந்தது 2013இல். ஏர்பஸ்ஸும் டாட்டாவும் சேர்ந்து கொடுத்த ஒரே ஒரு விண்ணப்பம் மட்டுமே வந்ததால், போட்டியே இல்லாத கொள்முதலைத் தொடரலாமா என்ற கேள்வி எழுந்து, தொடரலாம் என்று முடிவாக 2015 ஆயிற்று. ஒப்பந்தம் 2021 செப்டம்பர் 24இல் கையெழுத்தானது. மாற்றாகத் தேர்ந்த சி-295 என்ற ஏர்பஸ் சரக்கு விமானங்களில் முதலாவது கைக்கு வந்தது 2023 செப்டம்பரில். பதினோரு ஆண்டுகள்! ஆவ்ரோ மீட்பு விமானம் அன்று என்றாலும், இதே சி-295ஐ அடிப்படையாகக் கொண்டுதான் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் கடல் கண்காணிப்பு விமானங்கள் வாங்க 2024 பிப்ரவரி 16இல் கவுன்சில் ஒப்புதல் தந்தது என்பதால் இதைச் சொல்கிறேன். அந்த ஒப்புதல் தொடக்கப் படிதான். விமானத்தைக் கையில் கொடுக்கும் ஒப்பந்தம் அன்று.

இந்தப் படிகளை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு படியும் ஏதோ ஓர் ஊழலையோ தவறையோ பார்த்த பிறகு கட்டப்பட்டதுதான். நான் கேட்பது வேறு. பழைய விமானம் எந்த ஆண்டில் பறக்க முடியாமல் நிற்கும் என்பதைக் கோப்பின் முதல் தாளிலேயே எழுதி, அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் படி எந்த மாதத்துக்குள் முடிந்தாகவேண்டும் என்று குறிக்க வேண்டும். இப்போது கோப்பு புறப்பட்ட நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். அதற்கிடையில் பழைய விமானத்தின் வயதைப் பராமரிப்பு ஊழியர்கள்தாம் தங்கள் தோளில் சுமக்கிறார்கள்.

தாராவியிலிருந்து ஒரு வாசகி: எனக்குப் பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கம். 2017 ஒக்கிப் புயலில் என் அண்ணன் சென்ற படகு கவிழ்ந்து, கவிழ்ந்த படகின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மறுநாள் ஒரு விமானம் தலைக்கு மேலே இரண்டு முறை வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டதாம். பல மணி நேரம் கழித்து ஒரு சரக்குக் கப்பல்தான் தூக்கியது. தூக்க முடியாத விமானத்தை எதற்காக அனுப்புகிறார்கள்?

சகோதரி, உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. விமானம் போய்விட்டதைக் கீழே இருந்து பார்த்தவருக்கு அது கைவிட்டதாகவே தோன்றும். தேடுவதும் தூக்குவதும் இரண்டு தனி வேலைகள் என்பதை யாராவது நம் கடற்கரை ஊர்களில் முன்பே விளக்கியிருக்க வேண்டும்.

கடலோரக் காவல் படை ஓட்டும் டோர்னியர் போன்ற சிறு விமானம் நின்ற இடத்தில் நிற்காது. அது விரைந்து போய், நெடுநேரம் துழாவி, இருக்கும் இடத்தைக் குறித்து, மிதவையை வீசி, அருகிலுள்ள கப்பலை அழைத்துக் காட்டிக்கொடுக்கும். ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்று கம்பிவடத்தில் ஆளைத் தூக்கும். ஆனால் அதற்குத் தொலைவு போகிற எரிபொருள் இருக்காது. உங்கள் ஊர்க்காரர்களோ இந்தியாவிலேயே அதிகத் தொலைவு போகிற ஆழ்கடல் மீனவர்கள். கொச்சியிலிருந்து இலட்சத்தீவின் கவரத்தியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதற்கும் மேற்கே போய் வாரக்கணக்கில் தங்கிச் சூரையும் சுறாவும் பிடிக்கிறவர்களுக்குக் கரையிலிருந்து கிளம்பும் சிறிய ஹெலிகாப்டர் எட்டாது. அவ்வளவு தொலைவில், விமானம் கண்டுபிடித்துக் கப்பலைக் கூட்டிவருவதுதான் பெரும்பாலும் உள்ள ஒரே வழி. உங்கள் அண்ணனைத் தூக்கிய அந்தச் சரக்குக் கப்பலுக்குத் திசை சொன்னது வட்டமிட்ட விமானமாகவே இருக்கக்கூடும்.

அங்கே நடக்கும் கணக்கைச் சொல்கிறேன். ஒருவர் விழுந்த இடத்திலிருந்து நீரோட்டமும் காற்றும் அவரை மணிக்கு ஒரு கடல் மைல் வீதம் இழுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் என்று தெரியாவிட்டால், ஐந்து மணி நேரத்தில் அவர் இருக்கக்கூடிய வட்டம் ஏறத்தாழ 270 சதுர கிலோமீட்டர். பத்து மணி நேரமானால் 1,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தாமதம் இரண்டு மடங்கானால் தேடவேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது. அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை மேலிருந்து பார்ப்பவருக்கு மிதக்கும் தேங்காய் அளவுதான். அதனால்தான் நல்ல ரேடாரும், வெப்பம் காட்டும் கேமராவும், பல மணி நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் எரிபொருளும் வேண்டும் என்கிறோம். இந்தியா பொறுப்பேற்றிருக்கும் கடல் மீட்புப் பரப்பு ஏறத்தாழ 46 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று ஒருங்கிணைப்பு மையங்கள் இதைப் பார்த்துக்கொள்கின்றன.

தூக்குவதும் எளிதன்று. ஹெலிகாப்டரின் நேர்க்கீழே தொங்கும் ஆளை விமானியால் பார்க்கவே முடியாது. கதவோரத்தில் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்திருக்கும் வடம் இயக்குநர், 'முன்னே இரண்டு, வலப்பக்கம் ஒன்று, நில்' என்று காதுக்கருவியில் சொல்லிக்கொண்டே இருப்பார். விசிறிக் காற்று அடிக்கும் அடியில் மிதவைப் படகே புரண்டு ஓடும். அறுபது ஆண்டுகளுக்கும் பழைய வடிவமைப்பான, ஒற்றை எஞ்சின் கொண்ட சேத்தக் ஹெலிகாப்டரில் இதைச் செய்கிறவர்களை நான் வணங்குகிறேன். ஒரே எஞ்சின் நின்றால் அவர்களும் அந்தத் தண்ணீரில்தான். சேத்தக்குகளுக்கு மாற்றாகக் கடற்படைக்கு 111 ஹெலிகாப்டர்கள் வாங்க 2018 ஆகஸ்டில் கவுன்சில் ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டம் அந்த வடிவில் ஒப்பந்தமாகவே இல்லை.

சசூன் டாக்கில் விடியற்காலையில் உங்கள் மாவட்டத்துப் படகு ஒன்றில் ஏறிப் பார்த்திருக்கிறேன். சுக்கானறைக்குள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாதா படம். அதற்குக் கீழே ஜிபிஎஸ். அதற்கும் கீழே ஆபத்துக் குறிப்பு அனுப்பும் கருவி, நைலான் கயிற்றால் இரண்டு சுற்று கட்டியிருந்தது. உயிர்காப்பு அங்கிகள் பனிப்பெட்டி மூடியின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே அடுக்கியிருந்தன. "போட்டால் வலை இழுக்க முடியாது அண்ணே" என்றார் படகோட்டி. வாங்கப்போகும் விமானம் எத்தனை நல்லதாக இருந்தாலும் அந்த அங்கியைப் போட்டவரைத்தான் அது எளிதில் கண்டுபிடிக்கும். மீனவர் போட்டுக்கொண்டே வேலை செய்யத்தக்க மெல்லிய அங்கியும் மீட்புக் கொள்முதலில் ஒரு பகுதியாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

செம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்: கனடாவும் இதே சி-295 விமானத்தைத்தான் மீட்புப் பணிக்கு வாங்கியது என்றும், அங்கே பெரும் தாமதம் என்றும் படித்தேன். நாமும் அதே குழியில் விழுகிறோமா?

நல்ல கேள்வி. கனடாவின் கதையை நம் அதிகாரிகள் வரிவரியாகப் படிக்கவேண்டும்.

1967இல் சேவைக்கு வந்த பஃபலோ விமானங்களைக் கனடா மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே மேற்குக் கரையின் கோமாக்ஸ் தளத்தில் மீட்புக்காக வைத்திருந்தது. மற்ற தளங்களில் பழைய ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள். மாற்று வாங்கும் பேச்சு 2000களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 2004 பட்ஜெட்டில் அதற்கு இடமும் தரப்பட்டது. பிறகு என்ன நடந்தது என்றால், படையினர் எழுதிய தேவைப் பட்டியல் குறிப்பிட்ட ஒரு விமானத்துக்காகவே தைத்த சட்டைபோல் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வேகம் இவ்வளவு, சரக்கறையின் உயரம் இவ்வளவு என்று விமானத்தை அளந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். அரசு தேசிய ஆராய்ச்சிக் கழகத்திடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னது. அதன் பின் 'எந்த விமானம்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இந்தப் பரப்பில் இவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், எப்படிச் செய்வீர்கள்' என்று கேட்கும் முறைக்கு மாறினார்கள். 2015 மார்ச்சில் டெண்டர். 2016 டிசம்பரில் முடிவு. 16 விமானங்கள், முதல் பதினோரு ஆண்டுகளுக்கு 240 கோடி கனடிய டாலர். பராமரிப்பு நீட்டிப்புகளையும் சேர்த்தால் 470 கோடி. டெண்டரில் தோற்றுப்போன நிறுவனம் நீதிமன்றம் போனது தனிக்கதை.

இந்த இரண்டு தொகைகளையும் சேர்த்துச் சொன்னதற்காகக் கனடாவைப் பாராட்டுகிறேன். விமானத்தின் விலை என்று நாம் செய்தித்தாளில் படிப்பது பாதிச் செலவுதான். இருபது ஆண்டுகளுக்கு உதிரிபாகம், பயிற்சிக் கூடம், எஞ்சின் சீரமைப்பு ஆகியவற்றில் மற்றப் பாதி போகும். நம் 56 விமான ஒப்பந்தத்தின் 21,935 கோடி ரூபாயை 56ஆல் வகுத்து 'ஒரு விமானம் 390 கோடியா!' என்று வாய்பிளக்கிறவர்கள், அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பார்ப்பதில்லை. குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்ற நம் விதி, வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்த்தால், மலிவாக வாங்கிப் பறக்காமல் நிறுத்திவைக்கும் நிலைக்கே கொண்டுபோய்விடும்.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். கனடாவின் முதல் விமானம் 2020 செப்டம்பரில் கோமாக்ஸ் வந்தது. அதை மீட்புப் பணியில் இறக்குவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. பராசூட் வீரர்கள் குதிப்பதற்கான சோதனைகள், பராமரிப்புக் கையேடுகள் என்று ஒவ்வொன்றாகக் குறை வெளிப்பட்டது. புதியது தயாராகுமுன் பழைய பஃபலோ 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டது. நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வேறு தளங்களின் ஹெர்குலிஸ்களைக் கோமாக்ஸுக்குக் கொண்டுவர நேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் யோசித்து வாங்கிய நாட்டுக்கே இந்த நிலை.

ஆகவே குழி சி-295இல் இல்லை. அது உலகெங்கும் பறக்கிற, நம்பகமான உடல்தான். சரக்கு விமானத்தை மீட்பு விமானமாக மாற்றும் வேலையைச் சிறு வேலையென்று நினைத்துக் காலம் ஒதுக்காததுதான் குழி. நம் கடல் விமானங்களுக்கான கருவிகளைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் உள்ள தன் வான்வழி அமைப்புகளின் மையத்தின் வழியே இணைத்துத் தரவிருப்பதால், நமக்கு இரட்டைக் கவனம் வேண்டும். உள்நாட்டுக் கருவி என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. பழுதானால் பெங்களூரிலேயே ஆள் இருப்பார். ஆனால் இணைப்பு முடிந்து, வீரர்கள் கையில் பழகி, இரவில் ஒரு மிதவையைக் குறிதவறாமல் போட்டுக்காட்டும் வரை பழைய டோர்னியர் ஒன்றைக்கூடக் கழிக்கக் கூடாது.

மாட்டுங்காவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தண்ணீரிலேயே இறங்கும் விமானம் ஜப்பானிடம் இருக்கிறதே! அதை வாங்கினால் தேடலும் தூக்கலும் ஒன்றாகிவிடாதா?

ஆகும், தம்பி. யுஎஸ்-2 என்ற அந்த விமானம் மூன்று மீட்டர் அலையிலும் இறங்கும். 2013 ஜூனில் கரையிலிருந்து 1,200 கிலோமீட்டர் தொலைவில் படகு மூழ்கித் தத்தளித்த இருவரை அது இறங்கி ஏற்றிவந்தது. அதே 2013இல் இந்தியாவும் ஜப்பானும் இதற்காகக் கூட்டுக் குழு அமைத்தன. 12 விமானங்கள் என்று பேச்சு. விலையும், இங்கேயே எவ்வளவு தயாரிப்பது என்பதும் இடிக்க, ஒப்பந்தம் ஆகவில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படும் விமானம் என்பதால் விலை இறங்காது. அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் இரண்டு மூன்றாவது இருந்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்காகக் காத்திருந்து மற்றவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

வாஷியிலிருந்து ஒரு வாசகர்: கான்பூரில் டோர்னியர், பெங்களூரில் துருவ் ஹெலிகாப்டர். எல்லாம் நம் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் செய்கிறது. வெளிநாட்டைப் பார்க்காமல் இவற்றையே வாங்கிக்கொண்டே போகலாமே?

வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் கடலோரக் காவல் படைக்கு இரண்டு டோர்னியர்களுக்கும், 2024 மார்ச்சில் தரைப்படைக்கு 25, கடலோரக் காவல் படைக்கு 9 என்று 34 துருவ் ஹெலிகாப்டர்களுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. பின்னதன் மதிப்பு 8,073 கோடி ரூபாய். கரையை ஒட்டிய பணிக்கு டோர்னியர் சிக்கனமான, ஓட்டுவதற்கு இனிய விமானம். ஆயினும் அது பத்தொன்பது இருக்கைகள் கொண்ட சிறிய உடல். பின்புறம் திறந்து பெரிய மிதவைகளை இறக்கும் சாய்தளமும் அதற்கில்லை. எல்லா வேலையையும் அதன் தலையில் கட்ட முடியாது.

ஒரே வகை ஹெலிகாப்டரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரி காட்டிவிட்டது. 2024 செப்டம்பர் 2 அன்று, போர்பந்தர் கடலில் ஓர் எண்ணெய்க் கப்பலில் காயமடைந்தவரை எடுத்துவரக் கிளம்பிய துருவ் கடலில் விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தர் விமானத் தளத்திலேயே இன்னொரு துருவ் விழுந்து மேலும் மூன்று பேர். உடனே முப்படைகள், கடலோரக் காவல் படை ஆகியவற்றின் துருவ்கள் எல்லாம் தரையிறக்கப்பட்டன. அந்த வாரத்தில் ஓர் அழைப்பு வந்திருந்தால் யாரை அனுப்பியிருப்பார்கள்? உள்நாட்டுத் தயாரிப்பை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்; ஆனால் ஒரு வகை நின்றால் இன்னொரு வகை பறக்கவேண்டும் என்ற விதி கொள்முதல் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மீட்கப் போகிறவர்களும் மீட்கப்பட வேண்டியவர்களாக மாறுவதைத் தமிழ்நாட்டுக் கடல் பார்த்திருக்கிறது. 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல் படையின் டோர்னியர் மூன்று பேருடன் காணாமற்போனது. ஒரு மாதத்துக்கும் மேல் தேடி, கடலடியில் 950 மீட்டர் ஆழத்தில்தான் அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப் படையின் ஏஎன்-32 சரக்கு விமானத்தின் சிதைவுகள், ஏழரை ஆண்டுகளுக்குப் பின் 2024 ஜனவரியில்தான் 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்டன. வங்கக் கடல் எவ்வளவு பெரியது என்பதை அந்த 29 குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தேரியிலிருந்து ஒரு வாசகர்: பிரிட்டனில் மீட்பு ஹெலிகாப்டர் சேவையையே தனியாரிடம் கொடுத்துவிட்டார்களாமே?

ஆம். விமானப் படையும் கடற்படையும் மஞ்சளும் சிவப்புமாக ஓட்டிய சீ கிங் ஹெலிகாப்டர்களை மாற்றுவதற்குப் பதில் சேவையையே ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். முதல் முயற்சி, போட்டியிட்ட கூட்டு நிறுவனத்துக்கு இரகசிய விவரம் கிடைத்துவிட்டது தெரியவந்ததால் 2011 பிப்ரவரியில் ரத்தானது. 2013இல் பிரிஸ்டோ நிறுவனத்துக்கு 160 கோடி பவுண்டு ஒப்பந்தம் தரப்பட்டு, 2015இலிருந்து அவர்கள் ஓட்டுகிறார்கள். இயந்திரத்தை வாங்காமல், 'இத்தனை நிமிடத்தில் கிளம்பவேண்டும், இத்தனை விழுக்காடு நாள் தயாராக இருக்கவேண்டும்' என்று சேவையை வாங்கியதால் பழைய இயந்திரம் என்ற பேச்சே எழவில்லை. நம் கடலில் மீட்பும் எல்லைக் காவலும் ஒரே படையின் கையில் இருப்பதால் இதை அப்படியே எடுத்துவைக்க முடியாது. கிளம்பும் நேரத்தையும் தயார்நிலையையும் எழுத்தில் எழுதிவைக்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம்.

பன்வேலிலிருந்து, எண்ணெய் மேடையில் பணியாற்றும் வாசகர்: 2021 மே மாதம் டவ்தே புயலில், எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கும் பி-305 தெப்பம் மூழ்கியபோது நான் அதே கடலில் வேறு மேடையில் இருந்தேன். புதிய விமானங்கள் இருந்திருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்களா?

இதற்கு 'ஆம்' என்று பதில் சொல்லி விமானத்துக்கு ஆதரவு தேட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தெப்பத்தில் 261 பேர் இருந்தார்கள். 186 பேர் காப்பாற்றப்பட்டார்கள். இரவு முழுவதும் புயலுக்குள் நின்று ஆட்களைக் கயிற்றிலும் வலையிலும் ஏற்றியவை ஐஎன்எஸ் கொச்சி முதலிய கப்பல்கள். அவ்வளவு காற்றில் எந்த ஹெலிகாப்டரையும் இறக்க முடியாது. வானம் சற்றுத் தெளிந்த பிறகே கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்களும் பி-8ஐ கண்காணிப்பு விமானமும் தேடலில் சேர்ந்தன. அந்தத் தெப்பம் புயலுக்கு முன்பே கரைக்கு வந்திருக்க வேண்டும். முன்னெச்சரிக்கையைக் கேட்காததன் விலையை எந்த விமானத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அலைகளில் சிதறிக்கிடந்தவர்களைத் தேடும் வேலையில் நெடுநேரம் பறக்கும் விமானம் இன்னும் இரண்டு இருந்திருந்தால் என்ற ஏக்கம், அன்று வொர்லியில் உள்ள ஒருங்கிணைப்பு மையத்தின் வரைபடத்துக்கு முன் நின்றவர்களுக்கு இல்லாமல் இருந்திருக்காது.

சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு வாசகி: எங்களைப் போன்ற சாதாரண மக்கள் இதில் என்ன செய்ய முடியும்? யாரைக் கேட்பது?

உங்கள் மக்களவை உறுப்பினரைக் கேளுங்கள். ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்குப் பின் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகிறது. கடலோரக் காவல் படைக்கு என்று அதில் தனிப் பகுதி இருக்கும். கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் அதில் பார்க்கலாம். கொடுத்ததைச் செலவழிக்காமல் திருப்பியிருந்தால் ஏதோ ஒரு கோப்பு நின்றிருக்கிறது என்று பொருள். கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. உறுப்பினர் கேட்கவேண்டிய கேள்விகளில் நான் முதலில் வைப்பது இதை: இந்த ஆண்டில் எத்தனை நாள் எத்தனை மீட்பு விமானங்கள் கிளம்பத் தயாராக இருந்தன? வாங்கிய எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார்கள். தயாராக நின்ற எண்ணிக்கையைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால், கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554 என்பதை அடுப்பங்கரைச் சுவரில் எழுதிவையுங்கள். படகின் பதிவு எண், நிறம், ஆட்களின் எண்ணிக்கை, கிளம்பிய துறைமுகம், கிளம்பிய நேரம், கடைசியாகப் பேசிய நேரம் ஆகியவற்றை அதன் கீழே குறித்துவையுங்கள். நீங்கள் அழைத்ததும் மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். விமானம் எந்தத் திசையில் முதலில் தேடும் என்பதையும் இவைதாம் முடிவு செய்கின்றன.